மெயில் சர்வரின் வெப் டைரக்டரிகள்: யாருக்கு எந்த அனுமதி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடலை அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் உள்ள மடலைப் பயனருக்குக் காட்ட டவ்காட், முன்னால் ரவுண்ட்கியூப் மாதிரி ஒரு வெப்மெயில் (உலாவியில் மடல் பார்க்கும் பக்கம்), அதைத் தாங்க அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். லினக்ஸில் சொந்தமாக மெயில் சர்வர் நடத்துகிறவர்களில் பலரிடம் இருப்பது இந்தக் கூட்டணிதான். கீழே உள்ள பதில்களும் அதையே மனதில் வைத்து எழுதியவை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி தனியாக இருக்கிறது.

மெயில் சர்வரில் வெப் டைரக்டரி எங்கிருந்து வந்தது?

மெயில் அனுப்பவும் வாங்கவும் வெப் தேவையில்லைதான். ஆனாலும் நடைமுறையில் நாலைந்து வெப் டைரக்டரிகளாவது சேர்ந்துவிடும். வெப்மெயில், கணக்குகளைச் சேர்க்கவும் நீக்கவும் போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின் போன்ற ஒரு நிர்வாகப் பக்கம், மெயிலிங் லிஸ்ட் இருந்தால் அதன் பழைய மடல்கள், தண்டர்பேர்டும் அவுட்லுக்கும் செட்டிங்ஸைத் தாமே எடுத்துக்கொள்ள உதவும் எக்ஸ்எம்எல் கோப்புகள், சான்றிதழ் புதுப்பிக்க ஒரு டைரக்டரி. இவற்றில் சில எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். சில நிர்வாகிக்கு மட்டும். சில இணையத்தின் கண்ணிலேயே படக்கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரே சிஎச்மோட் (அனுமதியை மாற்றும் கட்டளை) போட்டுவிட்டு நகர்ந்தால் பிறகு அவதிதான்.

எந்த எண் போடுவது? 755-ஆ, 750-ஆ?

எண்ணை அப்புறம் பார்க்கலாம். முதலில் எந்தப் பயனரின் பெயரில் எது ஓடுகிறது என்று பாருங்கள். டெபியன், உபுண்டுவில் வெப் சர்வர் "டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா" என்ற பயனராக ஓடும். ரெட்ஹாட் குடும்பத்தில் "அப்பாச்சி" அல்லது "என்ஜின்எக்ஸ்". மெயில் பெட்டிகள் பெரும்பாலும் "விமெயில்" என்ற பயனருக்குச் சொந்தம்.

இங்கே ஒரு வலை விரித்திருக்கிறது. பக்கத்தைப் பரிமாறுவது என்ஜின்எக்ஸ் என்றாலும், பிஎச்பி கோப்பைப் படித்து இயக்குவது அது அல்ல, பிஎச்பி-எஃப்பிஎம் என்ற தனிச் சேவை. ரெட்ஹாட் குடும்பத்தில் நீங்கள் என்ஜின்எக்ஸ் வைத்திருந்தாலும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் இயல்பான பூல் (பிஎச்பியை இயக்கும் நிரல்களின் தொகுதி) "அப்பாச்சி" என்ற பயனரின் பெயரில்தான் ஓடும். என்ஜின்எக்ஸ் பயனருக்கு எல்லா உரிமையும் கொடுத்துவிட்டு "இன்னும் எழுத முடியவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பூல் கோப்பில் உள்ள பயனர் வரியைத்தான்.

வெப்மெயிலில் மடல் தெரிய வேண்டுமானால், மெயில் பெட்டி டைரக்டரியில் வெப் சர்வருக்கு அனுமதி வேண்டாமா?

வேண்டாம். கொடுக்கவே கூடாது.

ரவுண்ட்கியூப் மடல் கோப்புகளைத் தொடுவதே இல்லை. அது டவ்காட்டிடம் ஐமேப் (மடலைப் படிக்கும் நெறிமுறை) வழியாகப் பேசுகிறது, 143 அல்லது 993 போர்ட்டில். பயனரின் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், உங்கள் போனில் உள்ள மெயில் ஆப் என்ன செய்யுமோ அதையேதான் செய்கிறது. மெயில்டிர் (ஒவ்வொரு மடலும் தனிக் கோப்பாக இருக்கும் பெட்டி) கோப்புகள் 600, டைரக்டரிகள் 700 என்று விமெயில் பயனரிடம் பூட்டியே இருக்கட்டும். வெப் சர்வரை விமெயில் குழுவில் சேர்க்கச் சொல்லும் குறிப்பு எங்காவது கண்ணில் பட்டால் அதைத் தாண்டிப் போய்விடுங்கள். பிஎச்பியில் ஒரு ஓட்டை விழுந்த அன்று அத்தனை பேரின் மடல்களும் ஒரே நேரத்தில் போய்விடும். இந்தப் பிரிவினைதான் மொத்த அமைப்பின் முதுகெலும்பு.

சரி, இப்போது எண்களைச் சொல்லுங்கள்.

படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்று இலக்கமும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். குழப்பம் வருவது டைரக்டரியில்.

டைரக்டரிக்கு 1 என்றால் அதைக் கடந்து உள்ளே போகும் உரிமை. 4 இருந்து 1 இல்லையென்றால் உள்ளே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று மட்டும் தெரியும், ஒரு கோப்பையும் திறக்க முடியாது. 1 இருந்து 4 இல்லையென்றால் பட்டியல் வராது, ஆனால் பெயர் தெரிந்த கோப்பைத் திறக்கலாம். எழுதும் உரிமையும் 1-உம் சேர்ந்திருந்தால், அந்த டைரக்டரிக்குள் இன்னொருவருக்குச் சொந்தமான கோப்பைக்கூட அழித்துவிடலாம். கோப்பின் அனுமதி 400 என்றாலும் அது தடுக்காது. 1777 என்று ஸ்டிக்கி பிட் போட்டால்தான் தடுக்கும்.

ஸ்குவிரல்மெயில் என்ற பழைய வெப்மெயிலில், மடலோடு இணைக்கும் கோப்புகள் தங்கும் டைரக்டரிக்கு 730 போடச் சொல்வார்கள். உரிமையாளர் ரூட் (சர்வரில் முழு அதிகாரம் உள்ள பயனர்), குழு வெப் சர்வர். குழுவுக்குக் கிடைப்பது 3, அதாவது எழுதலாம், கடந்து போகலாம், பட்டியல் மட்டும் எடுக்க முடியாது. தான் வைத்த கோப்பின் பெயர் வெப்மெயிலுக்குத் தெரியும், அதனால் அதற்குப் பட்டியல் தேவையில்லை. பார்ப்பதற்கு விசித்திரமான எண், ஆனால் யோசித்துப் போட்டது.

இன்னொன்றும் உண்டு. லினக்ஸ் மூன்று இலக்கத்தையும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் உரிமையாளர் என்றால் முதல் இலக்கம் மட்டும்தான் உங்களுக்கு. குழுவுக்கு அதிக உரிமை இருந்தாலும் பயனில்லை.

777 போட்டால் எல்லாம் ஓடுகிறதே?

ஓடும். சர்வரில் உள்ள எந்தப் பயனரும், எந்த சேவையும் அந்த டைரக்டரியில் எதையும் வைக்கலாம், மாற்றலாம் என்று ஆகும்போது ஓடாமல் எப்படி இருக்கும்? 777 போட்டதும் பிழை மறைந்தது என்றால் உங்களுக்குக் கிடைத்தது ஒரு தகவல் மட்டும்: சிக்கல் அனுமதியில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு உடனே திரும்ப எடுத்துவிடுங்கள்.

ரவுண்ட்கியூபுக்குச் சரியான அமைப்பு என்ன?

நிரல் கோப்புகள் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் ரூட். குழுவாக வெப் சர்வரின் குழு. டைரக்டரிகள் 750, கோப்புகள் 640. ஆக, பிஎச்பி படிக்கலாம், மாற்ற முடியாது. எழுத வேண்டியவை இரண்டே இடங்கள்: "டெம்ப்", "லாக்ஸ்". மடல் எழுதும்போது ஏற்றும் இணைப்புகளும் படங்களின் சிறு வடிவங்களும் முதலாவதில் தங்கும். இரண்டாவது பெயரே சொல்கிறது. இந்த இரண்டை மட்டும் வெப் சர்வர் பயனருக்கே சொந்தமாக்கி 700 போடுங்கள். பக்கத்தைப் பரிமாறுவதும் பிஎச்பியை இயக்குவதும் வேறு வேறு பயனர்கள் என்றால் இரண்டு பயனருக்கும் எழுத்துரிமை தேவையில்லை, பிஎச்பி ஓடும் பயனருக்கே சொந்தமாக்குங்கள். எழுதுவது பிஎச்பிதான்.

மொத்த டைரக்டரியையும் வெப் சர்வர் பயனருக்கே சொந்தமாக்கச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. வேலை சுலபம் என்பதைத் தவிர அதில் ஒரு நன்மையும் இல்லை. 2025 ஜூனில் வெளியான சிவிஇ-2025-49113 ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு உள்ள யாரும் ரவுண்ட்கியூப் வழியாகச் சர்வரில் கட்டளை இயக்க அது வழி விட்டது. 1.6.11, 1.5.10 பதிப்புகளில் அடைத்தார்கள். அப்படி உள்ளே வந்தவருக்கு நிரல் கோப்புகளில் எழுத்துரிமை இருந்தால், உள்நுழைவுப் பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டுப் போகலாம். நீங்கள் பதிப்பை உயர்த்தும்வரை வருகிற ஒவ்வொருவரின் கடவுச்சொல்லும் அவருக்குப் போய்ச் சேரும். உரிமையாளர் ரூட் என்று இருந்தால் ஓட்டை ஓட்டையேதான், ஆனால் இந்த ஒரு வேலை நடக்காது.

கான்ஃபிக் கோப்பு தனிக்கவனம் கேட்கும். டேட்டாபேஸ் கடவுச்சொல் அதில் இருக்கிறது, அது பரவலாகத் தெரிந்த விஷயம். அதே கோப்பில் "டெஸ்_கீ" என்று ஒரு வரியும் இருக்கும். உள்நுழைந்திருக்கும் பயனர்களின் ஐமேப் கடவுச்சொற்களை இந்தச் சாவியால்தான் குறியாக்கி செஷனில் (பயனர் உள்நுழைந்திருக்கும் நேரத்துத் தகவல்) வைத்திருக்கிறார்கள். செஷன் இயல்பாக டேட்டாபேஸில். ஆக, இந்த ஒரு கோப்பு கசிந்தால் பூட்டும் சாவியும் சேர்ந்தே போகிறது. 640-க்கு மேல் ஒரு துளியும் வேண்டாம்.

நிறுவி முடித்ததும் "இன்ஸ்டாலர்" டைரக்டரியை நீக்கிவிடுங்கள். வெப் சர்வரின் மூல டைரக்டரியாக "பப்ளிக்_ஹெச்டிஎம்எல்" என்ற உள் டைரக்டரியைக் காட்டுங்கள், ரவுண்ட்கியூபின் தலை டைரக்டரியை அல்ல. அப்போது கான்ஃபிக், லாக்ஸ், டெம்ப் மூன்றும் உலாவியின் எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிடும். மேலே சொன்ன எல்லாவற்றிலும் எதையாவது ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கான்ஃபிக் கோப்பை உலாவியில் திறந்து பார்த்தேன். வெற்றுப் பக்கம்தான் வந்தது. பாதுகாப்புதானே?

இல்லை. வெற்றுப் பக்கம் என்றால் சர்வர் அந்தக் கோப்பை அடைந்து, பிஎச்பியாக இயக்கிவிட்டது என்று அர்த்தம். அதில் அச்சிட எதுவும் இல்லாததால் வெறுமையாக வந்தது. மாற்றுவதற்கு முன் "இருக்கட்டும்" என்று அதே இடத்தில் ஒரு நகல் எடுத்து, கடைசியில் "புள்ளி பேக்" என்று பெயர் வைத்திருப்பீர்கள். அந்தப் பெயரை இப்போது உலாவியில் தட்டிப் பாருங்கள். பிஎச்பி என்ற பின்னொட்டு கடைசியில் இல்லாததால் சர்வர் அதை வெறும் எழுத்துக் கோப்பாக நினைத்து அப்படியே நீட்டிவிடும், கடவுச்சொல்லோடு. சில எடிட்டர்கள் சேமிக்கும்போது அலைக்குறி போட்டு விட்டுச்செல்லும் நகல்களுக்கும் இதே கதிதான். இணையத்தைத் துருவும் நிரல்கள் இந்தப் பெயர்களை வரிசையாகத் தட்டிக்கொண்டே இருக்கும்.

உங்களுக்கு வர வேண்டிய பதில் 403 (அனுமதி இல்லை) அல்லது 404 (கோப்பு இல்லை). லாக்ஸ் டைரக்டரியில் உள்ள பிழைக் கோப்பையும் இதேபோல் தட்டிச் சோதியுங்கள்.

403 வருகிறது. எங்கே தேடுவது?

உலாவிக்கு எல்லா 403-உம் ஒன்றுதான். காரணங்கள் வேறு வேறு. அப்பாச்சியின் பிழை லாக்கைத் திறந்தால் முன்னால் ஒரு குறியீடு இருக்கும், அதைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

ஏஹெச்01630 என்றால் அனுமதி எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்பாச்சியின் கான்ஃபிக்கே தடுக்கிறது, "ரிக்வயர்" வரியைப் பாருங்கள். ஏஹெச்01797 என்றாலும் அதே கதை, ஆனால் எங்கோ அப்பாச்சி 2.2 காலத்து "ஆர்டர், அலௌ, டினை" வரிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. புதிய வரிகளோடு அவற்றைக் கலந்து வைப்பது தலைவலியை விலை கொடுத்து வாங்குவது. ஒன்று விடாமல் மாற்றிவிடுங்கள்.

ஏஹெச்00035 என்றால் பாதையில் ஏதோ ஒரு டைரக்டரியைக் கடக்க உரிமை இல்லை. கவனியுங்கள், கடைசி டைரக்டரியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கடைசிக்கு 755 போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், தடை இரண்டு படி மேலே இருக்கும். "நேம்ஐ -எல்" என்று தட்டி முழுப் பாதையையும் கொடுங்கள். தலையிலிருந்து ஒவ்வொரு படிக்கும் உரிமையாளர், குழு, அனுமதி என்று வரிசையாகக் காட்டும். வெப்மெயிலை யாருடைய ஹோம் டைரக்டரியிலாவது வைத்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். உபுண்டு 21.04-இலிருந்து புதிய பயனரின் ஹோம் 750 ஆகத்தான் உருவாகிறது. அதை 755 ஆக்குவதைவிட வெப்மெயிலை அங்கிருந்து வெளியே நகர்த்துவது நல்லது.

ஏஹெச்00132 என்றால் பாதை சரி, கோப்பைப் படிக்க முடியவில்லை. ஏஹெச்01276 என்றால் டைரக்டரியில் இண்டெக்ஸ் கோப்பு இல்லை, பட்டியல் காட்டவும் தடை. இது பிழையே அல்ல, நல்ல செய்தி. பட்டியலைத் திறந்துவிட்டு இதைத் "தீர்க்க" வேண்டாம், பாதையைச் சரியாகக் கொடுங்கள்.

என்ஜின்எக்ஸில் குறியீடு இல்லை, வாக்கியம்தான். "13: பெர்மிஷன் டினைட்" என்று இருந்தால் கோப்பு அனுமதி. விதியால் தடுக்கப்பட்டது என்று இருந்தால் உங்கள் "டினை" வரி.

வெப் சர்வரைப் புதிதாக ஒரு குழுவில் சேர்த்த பிறகும் 403 தொடர்ந்தால், சேவையை முழுதாக மறுதொடக்கம் செய்தீர்களா என்று பாருங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குப் புதிய குழு தெரியாது. பிஎச்பி-எஃப்பிஎம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டைரக்டரியில் ஹெச்டிஅக்சஸ் கோப்பு வைத்துத் தடுத்தேன். தடுக்கவே இல்லையே?

ஹெச்டிஅக்சஸ் என்பது அந்தந்த டைரக்டரிக்கு அப்பாச்சியின் விதிகளை எழுதும் கோப்பு. என்ஜின்எக்ஸ் என்றால் அது அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. அப்பாச்சியில் இருந்து மாறியவர்கள் அடிக்கடி விழும் குழி இது. பழைய தடைகள் எல்லாம் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிடும், யாரும் எச்சரிக்கமாட்டார்கள், தளமும் நன்றாகவே ஓடும்.

அப்பாச்சி என்றால் "அலௌஓவர்ரைட்" என்ன என்று பாருங்கள். 2.4-இல் அதன் இயல்பு நிலை "நன்". அதாவது ஹெச்டிஅக்சஸ் இருந்தாலும் கண்டுகொள்ளாது. அதை "ஆல்" ஆக்குவதைவிட, தடையை முதன்மைக் கான்ஃபிக்கிலேயே எழுதிவிடுங்கள். வேகமும் கூடும், வெப் டைரக்டரியில் எழுத்துரிமை பெற்றவர் தடையை மாற்றும் வாய்ப்பும் இருக்காது.

எண்கள் சரி, உரிமையாளர் சரி, பாதை சரி. இன்னும் மறுக்கிறது.

ரெட்ஹாட், ஆல்மா, ராக்கி, ஃபெடோரா என்றால் எஸ்இலினக்ஸ், அதாவது அனுமதி எண்ணுக்கு மேல் இன்னொரு காவல். "எல்எஸ்" கட்டளையோடு பெரிய எழுத்து இசட் சேர்த்துப் பாருங்கள், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை தெரியும். வெப் சர்வர் படிக்க ஒரு முத்திரை, எழுத வேறொன்று. ஹோமில் ஜிப்பை விரித்து, "எம்வி" போட்டு நகர்த்தியிருந்தால் ஹோமின் முத்திரையும் கூடவே வந்திருக்கும். நகலெடுத்திருந்தால் வந்திருக்காது. "ரீஸ்டோர்கான்" போட்டால் இடத்துக்கு ஏற்ற முத்திரை திரும்பும். டெம்ப், லாக்ஸ் இரண்டுக்கும் எழுதும் முத்திரையை "செமேனேஜ்" மூலம் நிரந்தரமாகப் பதிந்துவிட்டு அப்புறம் ரீஸ்டோர்கான் செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை பழையபடி போய்விடும்.

உள்நுழைவுப் பக்கம் வருகிறது, ஆனால் ஐமேப் சர்வரை அடைய முடியவில்லை என்கிறதா? அது கோப்பு விவகாரமே அல்ல. வெப் சர்வர் வெளியே இணைப்பு எடுப்பதை எஸ்இலினக்ஸ் தடுக்கிறது, அதற்கென்றே ஒரு பூலியன் (ஆன்/ஆஃப் விசை) இருக்கிறது. எஸ்இலினக்ஸை அணைத்துவிடச் சொல்லும் அறிவுரைக்கும் 777-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நிர்வாகப் பக்கத்தை எப்படிப் பூட்டுவது?

கடவுச்சொல் மட்டும் போதாது. உங்கள் விபிஎன் அல்லது அலுவலக ஐபியிலிருந்து மட்டும் வரும்படி "ரிக்வயர் ஐபி" போடுங்கள். அதற்கு மேல் வெப் சர்வரின் அடிப்படைக் கடவுச்சொல் ஒன்று. அந்தக் கடவுச்சொல் கோப்பு வெப் டைரக்டரிக்கு வெளியே இருக்கட்டும். போஸ்ட்ஃபிக்ஸ்அட்மினில் எழுத்துரிமை வேண்டியது "டெம்ப்ளேட்ஸ்_சி" ஒன்றுக்கு மட்டும். இதிலும் மூல டைரக்டரியாகக் காட்ட வேண்டியது "பப்ளிக்" உள் டைரக்டரிதான்.

மெயில்மேனில் தனிப்பட்ட மடல் தொகுப்பைப் பற்றி எச்சரிக்கை வருகிறதே?

மெயில்மேன் என்பது மெயிலிங் லிஸ்ட் நடத்தும் நிரல். அதன் 2.1 பதிப்பில் எல்லா லிஸ்ட்களின் மடல்களும் "ப்ரைவேட்" டைரக்டரியில்தான் இருக்கும். பொது லிஸ்ட்களுக்கு மட்டும் "பப்ளிக்" டைரக்டரியிலிருந்து அதற்குள் குறுக்குவழி இணைப்பு (சிம்லிங்க்) போட்டிருப்பார்கள். அந்த இணைப்பைப் பின்தொடர வெப் சர்வருக்கு ப்ரைவேட்டைக் கடக்கும் உரிமை வேண்டும். மற்றவர்களுக்கு 1 கொடுத்துவிட்டால் வேலை நடக்கும், ஆனால் சர்வரில் ஷெல் (கட்டளை தட்டும் உள்நுழைவு) உள்ள யாரும் தனி மடல்களைப் படித்துவிடலாம். எச்சரிக்கை அதைத்தான் சொல்கிறது. ப்ரைவேட் டைரக்டரியின் உரிமையாளராக வெப் சர்வர் பயனரை வைத்து, குழுவை மெயில்மேனாகவே விட்டு, மற்றவர்களின் உரிமையை எடுத்துவிடுங்கள். மெயில்மேன் 3-இல் ஹைப்பர்கிட்டி என்ற மடல் தொகுப்பு நிரல் மடல்களை டேட்டாபேஸில் வைப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

பாதுகாப்புக்காகப் புள்ளியில் தொடங்கும் எல்லா டைரக்டரிகளையும் தடுத்துவிட்டேன். நல்லதுதானே?

எண்ணம் நல்லது. ஆனால் "வெல்-நோன்" டைரக்டரியும் புள்ளியில்தான் தொடங்குகிறது. அதைத் தடுத்தால் லெட்ஸ் என்க்ரிப்ட் (இலவசச் சான்றிதழ் தரும் அமைப்பு) சோதனைக் கோப்பைப் படிக்க முடியாது, சான்றிதழ் புதுப்பிக்காது. இது சில வாரங்கள் கழித்துத்தான் தெரியவரும், அதுவும் எல்லோருடைய மெயில் ஆப்பும் ஒரே நேரத்தில் கூச்சலிடும்போது.

எம்டிஏ-எஸ்டிஎஸ் (மற்ற சர்வர்கள் நமக்கு மடலைக் குறியாக்கிய இணைப்பில்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ஏற்பாடு) கொள்கைக் கோப்பும் அங்கேதான் இருக்கிறது. இது இன்னும் மோசம், ஏனென்றால் சத்தமே போடாது. கோப்பு கிடைக்காவிட்டால், பழைய கொள்கை கையில் இல்லாத சர்வர்கள் கொள்கையே இல்லை என்று எடுத்துக்கொண்டு மடலை அனுப்பிவிடும். ரீடைரக்ட்டும் கூடாது. இதற்கான தரநிலையான ஆர்எஃப்சி 8461 அதைப் பின்தொடரவே கூடாது என்கிறது. எல்லா முகவரிகளையும் வெப்மெயிலுக்குத் திருப்பிவிடும் வரி ஒன்று கான்ஃபிக்கில் இருந்தால் இந்தக் கோப்பை அதிலிருந்து விலக்குங்கள். தண்டர்பேர்டு தேடும் ஆட்டோகான்ஃபிக் கோப்புக்கும் கடவுச்சொல் போட்டுவிடாதீர்கள், கணக்கு அமைப்பதற்கு முன்பே படிக்கப்படுவது அது.

சான்றிதழின் தனிச்சாவிக்கு டவ்காட் குழுவுக்கு அனுமதி கொடுக்கலாமா?

தேவையில்லை. டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ், அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் நான்குமே சாவியை ரூட்டாகப் படித்துவிட்டுத்தான் குறைந்த உரிமை கொண்ட பயனருக்குக் கீழிறங்குகின்றன. 600 போதும்.

எங்களில் சிலர் சேர்ந்து நிர்வகிக்கிறோம். ஒருவர் வைத்த கோப்பை மற்றவரால் மாற்ற முடியவில்லை.

நிர்வாகிகளுக்குத் தனிக்குழு ஒன்று, டைரக்டரிகளுக்கு அந்தக் குழு, கூடவே செட்ஜிஐடி. 2770 என்று முன்னால் உள்ள 2 அதுதான். உள்ளே உருவாகும் புதிய கோப்புகள் அதே குழுவுக்குச் சேரும். குழுவுக்கு எழுத்துரிமையும் வர வேண்டுமானால் யூமாஸ்க் (புதிய கோப்பில் எந்த உரிமையைக் கழிப்பது என்று சொல்லும் எண்) 007 என்று இருக்க வேண்டும், பலரிடம் 022 இருக்கும், அங்கே தட்டும். வெப் சர்வருக்குப் படிக்கும் உரிமையை ஏசிஎல் என்னும் கூடுதல் அனுமதிப் பட்டியலாக, "செட்எஃப்ஏசிஎல்" கட்டளை மூலம், இயல்பு விதியாகவும் சேர்த்துக் கொடுங்கள். பட்டியலில் அனுமதிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால் அங்கே ஏசிஎல் இருக்கிறது, எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

எக்ஸ்சேஞ்சில் இதெல்லாம் எப்படி?

ஓடபிள்யூஏ (வெப்மெயில்), ஈசிபி (நிர்வாகப் பக்கம்), ஆட்டோடிஸ்கவர் (மெயில் ஆப்புக்குச் செட்டிங்ஸ் தருவது) போன்ற மெய்நிகர் டைரக்டரிகளின் அமைப்பை விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸில் கையால் மாற்றாதீர்கள். எக்ஸ்சேஞ்சின் பவர்ஷெல் கட்டளைகளால் செய்யுங்கள். எதையாவது குழப்பிவிட்டால் அந்த டைரக்டரியை மீட்டமைக்க நிர்வாக மையத்திலேயே வசதி உண்டு. ஈசிபியை வெளியுலகுக்குத் திறந்து வைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் வெளிவந்த ப்ராக்ஸிலாகான் தாக்குதலில் வெப்ஷெல் (உலாவி வழியே சர்வரில் கட்டளை இயக்க உதவும்) கோப்புகளைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் ஓடபிள்யூஏவின் "ஆத்" டைரக்டரியும் ஒன்று. நீங்கள் வைக்காத ஏஎஸ்பிஎக்ஸ் கோப்பு அங்கே இருந்தால், அதை நீக்கிவிட்டு அனுமதியைச் சரிசெய்து நிம்மதி அடைய முடியாது. சர்வரே கைமாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

எப்போதெல்லாம் சரிபார்ப்பது?

பதிப்பை உயர்த்திய ஒவ்வொரு முறையும். புதிய கோப்புகள் விரித்தவரின் பெயரில் வந்து உட்கார்ந்திருக்கும், நீக்கிய இன்ஸ்டாலரும் திரும்பி வந்திருக்கும். மொத்தமாகத் திருத்தும்போது எல்லாவற்றுக்கும் 750 என்று அடிக்காமல், சிஎச்மோட்டில் பெரிய எழுத்து எக்ஸைப் பயன்படுத்துங்கள். டைரக்டரிகளுக்கும் ஏற்கெனவே இயக்க உரிமை உள்ள கோப்புகளுக்கும் மட்டும் அது உரிமை தரும்.

அப்புறம் "ஃபைண்ட்" கட்டளையில் மற்றவர்களுக்கு எழுத்துரிமை உள்ளவை என்று கேளுங்கள், சிம்லிங்க்குகளைத் தவிர எதுவும் வரக்கூடாது. ரவுண்ட்கியூப் டைரக்டரியில் வெப் சர்வர் பயனருக்குச் சொந்தமானவை என்று கேளுங்கள், டெம்ப்பும் லாக்ஸும் அவற்றின் உள்ளே இருப்பவையும் மட்டும் வர வேண்டும். கடைசியாக வெளியே ஒரு கணினியிலிருந்து "கர்ல்" மூலம் கான்ஃபிக், அதன் நகல், பிழை லாக், இன்ஸ்டாலர், எம்டிஏ-எஸ்டிஎஸ் கோப்பு ஐந்தையும் தட்டுங்கள். முதல் நான்குக்கும் 403 அல்லது 404, ஐந்தாவதுக்கு 200 (கிடைத்தது).